என் பென்ஷன் நம்பர் அவனுக்கு எப்படித் தெரிந்தது?

கேள்வி: தபால் ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவள் நான். வயது 67. கணவர் இல்லை, மகன் பெங்களூரில், நான் மயிலாடுதுறை பக்கம் தனியாக இருக்கிறேன். நவம்பர் பிறந்ததும், உயிரோடு இருக்கிறேன் என்பதற்கான லைஃப் சர்டிபிகேட் கொடுக்க வேண்டுமே என்று நினைத்துக்கொண்டிருந்தபோது ஒரு போன். "பென்ஷன் ஆபீஸிலிருந்து பேசுகிறோம், உங்கள் சர்டிபிகேட் இன்னும் வரவில்லை, இன்று மாலைக்குள் வராவிட்டால் பென்ஷன் நின்றுவிடும்" என்றார்கள். என் பெயர், பிறந்த தேதி, ரிட்டயர் ஆன தேதி, பிபிஓ நம்பர் என்கிற பென்ஷன் ஆணை எண் எல்லாவற்றையும் அவரே சரியாகச் சொன்னார், அதனால்தான் நம்பினேன். வாட்ஸ்அப்பில் ஒரு ஃபைல் அனுப்பினார். அதைத் திறந்து ஆதார் நம்பரும் பேங்க் கணக்கு நம்பரும் போட்டேன். ஒரு ஓடிபி வந்தது, சொல்லிவிட்டேன். இரண்டாவது ஓடிபி கேட்டபோது மனசுக்குச் சரியாகப் படவில்லை, போனை வைத்துவிட்டேன். பணம் போனதாக இதுவரை மெசேஜ் எதுவும் வரவில்லை. என் விவரமெல்லாம் அவனுக்கு எப்படித் தெரிந்தது? பணம் பத்திரமாக இருக்கிறதா? பேங்க் கணக்கையே மாற்ற வேண்டுமா? ஈமெயிலிலும் இன்கம்டாக்ஸ் ரீஃபண்ட் என்று ஏதேதோ வருகிறது. மகனிடம் இன்னும் சொல்லவில்லை.

பதில்:

அம்மா, வணக்கம்.

உங்கள் கடிதம் கிடைத்த அன்று இரவே, உடனே செய்ய வேண்டியதை மட்டும் நாலு வரியில் எழுதி அனுப்பியிருந்தேன். போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள், வைஃபையையும் அணைத்துவிடுங்கள், சிம்மைக் கழற்றி ஒரு பழைய பட்டன் போனில் போடுங்கள், காலையில் கதவு திறக்கும்போதே பாஸ்புக்கோடு பேங்க் வாசலில் இருங்கள் என்று. செய்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். அப்படி ஏன் சொன்னேன் என்பதை இப்போது விளக்கமாக எழுதுகிறேன். காரணம் தெரிந்தால்தான் அடுத்த முறை, வேறு வேஷத்தில் வேறு கதையோடு வருபவனையும் உங்களால் அடையாளம் காண முடியும்.

வங்கிகளின் மோசடித் தடுப்புப் பிரிவில் 14 வருடமாக வேலை பார்க்கிறேன். இந்த மாதிரி கடிதங்களில் எல்லோரும் ஓடிபியைப் பற்றித்தான் பெரிதாக வருத்தப்படுவார்கள், நீங்களும் அப்படித்தான். ஆனால் உங்கள் விஷயத்தில் என்னை அதிகம் பயமுறுத்தியது அந்த ஓடிபி இல்லை, அந்த ஃபைல். சர்டிபிகேட் ஃபாரம் என்று அவன் சொன்னது ஃபாரமே இல்லை, ஏபிகே என்று முடியும் ஃபைலாக இருந்திருக்கும், அதாவது அது ஒரு ஆப். அதைத் திறந்தபோது "தெரியாத இடத்திலிருந்து வருகிறது, அனுமதிக்கலாமா" என்று போன் கேட்டிருக்கும், அவன் சொல்லச்சொல்ல நீங்கள் சரி, சரி என்று அழுத்தியிருப்பீர்கள். அந்தச் சரிகளில் ஒன்று, உங்கள் எஸ்எம்எஸ்களைப் படிக்கும் அனுமதி. இந்த வகை ஆப்கள் உங்களுக்கு வரும் ஒவ்வொரு எஸ்எம்எஸ்ஸையும் சத்தமில்லாமல் அவனுடைய எண்ணுக்கு அனுப்பிவைக்கும். அப்படியென்றால் நீங்கள் வாயால் சொல்ல மறுத்த அந்த இரண்டாவது ஓடிபி இருக்கிறதே, அதை அவன் படித்திருக்கவும் வாய்ப்பு உண்டு. டிராஃபிக் அபராதம், கல்யாணப் பத்திரிகை, பிஎம் கிசான் பணம், கேஸ் பில் என்று வெவ்வேறு பெயரில் வாட்ஸ்அப்பில் சுற்றுகிற ஃபைல்கள் எல்லாம் இதே ரகம்தான்.

அதனால்தான் சிம்மைக் கழற்றச் சொன்னேன். பட்டன் போனில் இந்த ஆப் ஓடாது, ஓடிபி வந்தாலும் உங்கள் கண்ணுக்கு மட்டும்தான் வரும். ஸ்மார்ட்போனை இணையத்தோடு சேர்க்காமல் அப்படியே வைத்துக்கொண்டு, அவன் அழைத்த எண்கள், அவன் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, அந்த ஃபைலின் பெயர், இதையெல்லாம் பக்கத்து வீட்டுப் பிள்ளை யாரையாவது கூப்பிட்டு இன்னொரு போனால் போட்டோ எடுத்து வைக்கச் சொல்லுங்கள், புகாருக்கு வேண்டும். உங்கள் போட்டோக்களை மட்டும் கம்ப்யூட்டருக்கு மாற்றிக்கொண்டு போனை முழுசாக ஃபேக்டரி ரீசெட், அதாவது உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துப் புதுசு போல ஆக்கிவிட வேண்டும். அந்த ஆப்பை மட்டும் அழித்தால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. ஐகானை மறைத்துக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருக்கும் ரகங்கள் இருக்கின்றன, அதைத் தேடிக்கொண்டிருப்பதைவிட ரீசெட் சுலபம். ரீசெட் முடிந்ததும், அழைப்புகளை வேறு எண்ணுக்குத் திருப்பிவிட்டிருந்தால் அதை ரத்து செய்ய ##002# டயல் செய்யுங்கள், வாட்ஸ்அப்பில் "இணைக்கப்பட்ட சாதனங்கள்" பகுதியில் உங்களுடையது அல்லாத எதுவும் இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த ஃபைல் உங்கள் பெயரில் மற்றவர்களுக்குப் போயிருக்கவும் கூடும், ஆகவே உறவுக்காரர்கள் நாலைந்து பேரிடம் "நான் ஏதாவது அனுப்பியிருந்தால் திறக்காதீர்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

அடுத்தது பணம். மெசேஜ் வரவில்லை, அதனால் பணம் போகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மா, இதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். எஸ்எம்எஸ்ஸைப் படிக்கத் தெரிந்த ஆப்புக்கு அதை உங்கள் கண்ணில் படாமல் மறைக்கவும் தெரியும். பாஸ்புக்கை என்ட்ரி போட்டுப் பார்த்தால்தான் நிச்சயம். கிளையில் வெறுமனே "பேலன்ஸ் எவ்வளவு" என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடாதீர்கள், கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. என் கணக்கில் பணம் அனுப்புவதற்கான பயனாளியாகப் புதிதாக யாராவது சேர்க்கப்பட்டிருக்கிறார்களா? பதிவு செய்த மொபைல் எண்ணோ ஈமெயிலோ மாறியிருக்கிறதா? என் எண்ணில் புதிதாக யுபிஐ தொடங்கியிருக்கிறதா? என் பிக்சட் டெபாசிட்டுகள் அப்படியே இருக்கின்றனவா, அதன்மேல் கடன் எடுத்திருக்கிறார்களா? பென்ஷன் லோன் ஏதாவது என் பெயரில் வந்திருக்கிறதா? கடைசி இரண்டையும் நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சேமிப்புக் கணக்கில் பன்னிரண்டாயிரம்தான் இருக்கிறது, என்ன எடுத்துவிடப் போகிறான் என்று தைரியமாக இருந்தவர்களின் டெபாசிட்டை நெட் பேங்கிங் வழியாகவே உடைத்து, அந்தப் பணத்தைச் சேமிப்புக் கணக்குக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து எடுத்துப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

பணம் கொஞ்சமாவது போயிருந்தால் அந்த நிமிஷமே 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். இது மத்திய உள்துறை அமைச்சகத்தின் சைபர் குற்ற உதவி எண். திருடிய பணம் ஒரு கணக்கில் உட்கார்ந்திருக்காது, கூலிக்கு வாங்கிய கணக்குகள் வழியே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஓடிக்கொண்டே இருக்கும், கடைசியில் எங்கோ ஒரு ஏடிஎம்மில் நோட்டாக வெளியே வரும். 1930க்குச் சொன்னதும் அந்தப் பணம் எந்த வங்கியில் எந்தக் கணக்கில் நிற்கிறதோ அங்கே அதை நிறுத்திவைக்கும்படி தகவல் போகிறது. நோட்டாக மாறுவதற்குள் சொன்னால் பிடிக்கலாம், அவ்வளவுதான் கணக்கு. போகவில்லை என்றால் முதலில் வங்கி, பிறகு மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் "சக்ஷு" என்ற பகுதியில் அந்த எண்ணைப் பற்றிப் புகார் கொடுக்கலாம். பணம் போகாத மோசடி அழைப்புகளுக்கென்றே வைத்திருக்கும் இடம் அது. அதே தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்றும் பார்க்க முடியும், நீங்கள் வாங்காத சிம் இருந்தால் அங்கேயே சொல்லிவிடுங்கள்.

வங்கியில் ஒரே ஒரு விஷயம் கறாராக இருங்கள். வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் தேதி, நேரம், முத்திரை வாங்கிக்கொண்டு வாருங்கள். தபால் ஆபீஸில் கவுன்ட்டரில் உட்கார்ந்த உங்களுக்கு ஒப்புகைச் சீட்டின் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, வாடிக்கையாளர் பக்கம் தப்பே இல்லாமல், வங்கி பக்கமும் இல்லாமல், வேறெங்கோ நடந்த கோளாறால் பணம் போயிருந்தால், மூன்று வேலைநாளுக்குள் சொன்னால் அவருக்கு எந்த நஷ்டமும் வரக்கூடாது. ஓடிபியை நாமே சொல்லிவிட்ட இடத்தில் கணக்கு வேறு. நாம் வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போன பணம் நம் நஷ்டம், தெரிவித்த பிறகு போகும் பணம் வங்கியின் நஷ்டம். அந்த முத்திரையில் இருக்கும் நேரம்தான் இரண்டுக்கும் நடுவில் கோடு போடுகிறது. அதனால்தான் காலையில் கதவு திறக்கும்போதே போகச் சொன்னேன்.

கணக்கை மாற்ற வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பென்ஷன் வரும் கணக்கை மாற்றினால் அதற்கான அலைச்சல் உங்கள் வயதுக்குப் பெரிசு, அவசியமும் இல்லை. கணக்கு எண் தெரிந்திருப்பதால் மட்டும் யாரும் பணத்தை எடுத்துவிட முடியாது, பணம் போடத்தான் முடியும். நான் என் அம்மாவுக்குச் செய்து வைத்திருப்பதைச் சொல்கிறேன். பென்ஷன் வரும் கணக்கில் யுபிஐ கிடையாது, நெட் பேங்கிங்கில் பணம் அனுப்பும் வசதி கிடையாது, டெபாசிட்டை ஆன்லைனில் உடைக்க முடியாதபடி கிளையில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். காய்கறி, மருந்து, கரன்ட் பில்லுக்கு வேறொரு சின்னக் கணக்கு, அதில் மாதம் ஐந்தாறாயிரத்துக்கு மேல் இருக்காது, போனில் இருப்பது அது மட்டும்தான். எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும் ஒருநாள் அசந்துவிடுவோம், அந்த ஒருநாள் போகும் பணம் சின்னதாக இருக்கட்டும் என்பதற்காக.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். கடிதத்தில் நீங்கள் இரண்டு முறை எழுதியிருந்த கேள்வி இதுதான், அவனுக்கு எப்படித் தெரிந்தது?

உங்கள் விவரத்தைக் குறிப்பாக எங்கிருந்து எடுத்தான் என்று யாராலும் இனி கண்டுபிடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நம் விவரங்கள் எப்படியெல்லாம் வெளியே போகின்றன என்று சொல்ல முடியும். 2017இல் ஜார்க்கண்ட் அரசின் இணையதளம் ஒன்றிலேயே பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட முதியோர் பென்ஷன்காரர்களின் ஆதார் எண்கள் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி கிடந்தன. அந்த ஒரு தளம் மட்டும் இல்லை, அரசு சார்ந்த இணையதளங்கள் சுமார் 210 இப்படிப் பயனாளிகளின் ஆதார் விவரங்களை வெளியிட்டிருந்ததாக அதே வருடம் மத்திய அரசே சொன்னது. 2024இல் சென்னையில் தலைமை அலுவலகம் உள்ள ஒரு மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள், மருத்துவ ரிப்போர்ட்கள் உட்பட, டெலிகிராமில் கேட்டால் கிடைக்கும் நிலையில் இருந்தன. இதெல்லாம் செய்தியில் வந்தது. செய்தியில் வராதது, ஜெராக்ஸ் கடையில் வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பிரின்ட் எடுத்த ஆதார், லாட்ஜில் கொடுத்த நகல், "பென்ஷன் சங்கம்" என்று பெயர் வைத்த குரூப்பில் யாரோ போட்ட பட்டியல், லோன் தருகிறேன் என்று வந்தவனிடம் கொடுத்த காகிதம். மோசடி செய்பவன் இவற்றைத் திருடக்கூட வேண்டியதில்லை, மொத்தமாக விலைக்கு வாங்குகிறான், அதில் வயது அறுபதுக்கு மேல் என்று பிரித்து வைத்துக்கொண்டு நவம்பர் மாதத்துக்குக் காத்திருக்கிறான். மத்திய அரசு பென்ஷன்காரர்கள் நவம்பரில் லைஃப் சர்டிபிகேட் கொடுக்க வேண்டும் என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். நீங்கள் அதே நினைப்பில் இருக்கும்போது அவன் அழைத்தது தற்செயல் இல்லை.

தபால் ஆபீஸ் கவுன்ட்டரில் நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது ஒருவர் வந்து, இன்ன தெருவில் இன்ன வீட்டில் இன்னார் பெயருக்கு ரிஜிஸ்டர் தபால் வந்திருக்கிறது, கொடுங்கள் என்று கேட்டால், முகவரியைச் சரியாகச் சொல்லிவிட்டார் என்பதற்காகக் கொடுத்துவிடுவீர்களா? மாட்டீர்கள். முகவரி கவரின் மேலேயே எழுதியிருக்கிறது, யாரும் படிக்கலாம். நீங்கள் யார் என்றுதான் கேட்பீர்கள், அடையாளம் காட்டச் சொல்வீர்கள், கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்ப்பீர்கள். அந்த போனில் நடந்தது இதற்கு நேர் தலைகீழ். அழைத்தவன் அவன், அடையாளம் காட்ட வேண்டியவனும் அவன்தான். ஆனால் கவர்மேல் எழுதியிருப்பதைப் படித்துக் காட்டிவிட்டு, "நீங்கள் யார் என்று நிரூபியுங்கள்" என்று உங்களைக் கேட்டான். ஓடிபி என்பது உங்கள் கையெழுத்து. அதைப் போட்டுக் கொடுத்தீர்கள்.

பெயர், பிறந்த தேதி, பிபிஓ நம்பர், ஆதார் நம்பர், பேங்க் பெயர், இதெல்லாம் கவர்மேல் எழுதியவை. வெளியே போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி உள்ளே வராது. அதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதில் பயன் இல்லை. நீங்கள் காவல் காக்க வேண்டியது கையெழுத்துகளை மட்டும்தான், அவை ஓடிபி, யுபிஐ பின், ஏடிஎம் பின், ஈமெயில் பாஸ்வேர்டு, கைரேகை. இவற்றை நீங்கள் எதற்காக ஒரு அலுவலகத்துக்குப் போனீர்களோ, எந்த ஆப்பை நீங்களாகத் திறந்தீர்களோ, அங்கே மட்டும்தான் போட வேண்டும். உங்களைத் தேடி வந்த அழைப்பில் யார் கேட்டாலும் இல்லை. வங்கி மேனேஜரே கேட்டாலும் இல்லை, நிஜமான மேனேஜர் கேட்க மாட்டார். வங்கிகளும் அரசு அலுவலகங்களும் அழைப்பதற்கென்று 1600 என்று தொடங்கும் எண்களை ஒதுக்கியிருக்கிறார்கள், அதைப் பார்த்தால் கொஞ்சம் நிம்மதியாகப் பேசலாம், ஆனால் அதில் வந்தாலும் ஓடிபி சொல்லக்கூடாது என்பது மாறாது. சந்தேகமாக இருந்தால் "நானே கிளைக்கு வந்து பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லி வைத்துவிடுங்கள். நிஜ ஆளாக இருந்தால் சரி என்பான். மோசடி செய்பவன்தான் அவசரப்படுத்துவான், மிரட்டுவான்.

கைரேகை என்று சொன்னேன் அல்லவா, அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஆதார் எண், வங்கியின் பெயர், கைரேகை, இந்த மூன்றும் இருந்தால் ஊரில் இருக்கும் வங்கி மித்ரா, அதாவது வங்கியின் முகவர், வைத்திருக்கும் மிஷினில் ஓடிபியே இல்லாமல் பணம் எடுக்கலாம். பேங்க் இல்லாத கிராமங்களுக்கு இது நல்ல வசதிதான். ஆனால் நிலப் பத்திரங்களில் வைத்த கைரேகையை நகலெடுத்து இந்த வழியில் பணம் எடுத்த வழக்குகள் வட மாநிலங்களிலும் பெங்களூரிலும் வந்திருக்கின்றன. இதற்கு ஆதாரிலேயே பூட்டு இருக்கிறது. ஆதாரின் அதிகாரபூர்வ ஆப்பிலோ இணையதளத்திலோ "பயோமெட்ரிக் லாக்" போட்டுவிட்டால் கைரேகை, கருவிழி, முகம் எதையும் வைத்து யாரும் எதுவும் செய்ய முடியாது, உங்களுக்கு வேண்டும்போது திறந்துகொள்ளலாம். உங்கள் போனை ரீசெட் செய்த பிறகு முதல் வேலையாக மகனை இதைச் செய்யச் சொல்லுங்கள். இனி யாருக்காவது ஆதார் நகல் கொடுக்க வேண்டியிருந்தால், கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரியும் "மாஸ்க்டு ஆதார்" கொடுங்கள், அதே தளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

ஈமெயில் விஷயம். இன்கம்டாக்ஸ் ரீஃபண்ட் மெயிலில் இருக்கும் இணைப்பை அழுத்தாதீர்கள், அழித்துவிடுங்கள். ரீஃபண்ட் உண்மையாகவே இருந்தால் ஏற்கெனவே நீங்கள் பதிந்து சரிபார்த்த பேங்க் கணக்குக்குத் தானாக வரும், கார்டு நம்பரும் பின்னும் கேட்டு எந்த மெயிலும் வராது. சந்தேகம் இருந்தால் மெயிலை மூடிவிட்டு, வருமானவரித் தளத்தை நீங்களே தட்டச்சு செய்து உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். அனுப்பியவரின் பெயர் "வருமானவரித் துறை" என்று இருக்கும், பெயரை யார் வேண்டுமானாலும் அப்படி வைத்துக்கொள்ளலாம், அதன்மேல் அழுத்தி முழு முகவரியைப் பாருங்கள், அரசு முகவரிகள் gov.in அல்லது nic.in என்று முடியும். இதைவிட முக்கியம், உங்கள் ஈமெயில் பாஸ்வேர்டை உடனே மாற்றுவது. பெரும்பாலான கணக்குகளுக்கு "பாஸ்வேர்டு மறந்துவிட்டது" என்று கேட்டால் புதியதை உருவாக்கும் வழி மெயிலுக்குத்தான் வருகிறது, ஆகவே மெயில் யார் கையில் இருக்கிறதோ எல்லாமே அவர் கையில். அந்த போனிலிருந்து மாற்றாதீர்கள், புது பாஸ்வேர்டையும் அந்த ஆப் பார்த்துவிடக்கூடும். மகனின் கம்ப்யூட்டரிலோ வேறொரு நல்ல போனிலோ மாற்றிவிட்டு, "எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு" என்பதையும் கொடுத்து, பாஸ்வேர்டோடு இன்னொரு அடையாளமும் கேட்கும் இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போட்டுவிடுங்கள்.

இனி வரப்போகிற அழைப்புகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கட்டாயம் வரும். ஒருமுறை போனை எடுத்துப் பேசி, ஃபைலைத் திறந்து, ஒரு ஓடிபி சொன்னவர் என்று உங்கள் எண் அவர்கள் பட்டியலில் வேறு வரிசைக்குப் போயிருக்கும். ஒருவன் சைபர் க்ரைம் போலீஸ் என்று வருவான், உங்கள் புகாரைப் பார்த்தோம், உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், முதலில் ஒரு சின்னக் கட்டணம் என்பான். இன்னொருவன் வீடியோ காலில் காக்கிச் சட்டையோடு வந்து, உங்கள் ஆதாரை வைத்து மும்பையில் கணக்கு தொடங்கிக் கறுப்புப் பணம் அனுப்பியிருக்கிறார்கள், உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம், கேமராவை விட்டு நகராதீர்கள், யாரிடமும் சொல்லாதீர்கள் என்பான். அப்படி ஒரு கைது இந்தியச் சட்டத்தில் எங்கேயும் இல்லை. 2024 அக்டோபரில் பிரதமரே தன் வானொலி உரையில் இதைப் பற்றி எச்சரித்தார், அந்த அளவுக்கு ஆட்கள் ஏமாந்திருந்தார்கள், படித்தவர்கள், பெரிய பதவியில் இருந்தவர்கள் உட்பட. ஆதார் நம்பரைக் கொடுத்துவிட்டோமே என்ற பயம் உங்களுக்குள் ஏற்கெனவே இருக்கிறது, அதனால் இந்தக் கதை உங்களிடம் எளிதாக எடுபடும். அதற்காகத்தான் முன்கூட்டியே சொல்கிறேன். வீடியோ காலில் போலீஸ் வந்தால் துண்டித்துவிட்டு மகனுக்கு அழையுங்கள்.

மகனுக்குத்தான் இன்னும் சொல்லவில்லையே.

அம்மா, இந்த வேலையில் நான் பார்த்த பெரிய நஷ்டங்களில் பாதிக்கு மேல், முதல் நாள் போனது இல்லை. எனக்கு நன்றாக நினைவிருப்பது ஒரு ரிட்டயர்ட் தலைமையாசிரியர். முதல் நாள் போனது எட்டாயிரம் ரூபாய். பிள்ளைகளிடம் சொன்னால் போனைப் பிடுங்கிக்கொள்வார்கள், இத்தனை பேருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவன் ஏமாந்தான் என்று ஆகிவிடும் என்று நினைத்து, தானே அந்த எட்டாயிரத்தை மீட்கப் பார்த்தார். மீட்டுத் தருகிறோம் என்று வந்தவர்களிடம் ஐந்து நாளில் நாலு லட்சம் கொடுத்தார். எங்களிடம் வந்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி பணம் கிடைக்குமா என்பது இல்லை, "வீட்டுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்ள முடியுமா" என்பது. அன்று அவர் முகம் இருந்த இருப்பு எனக்கு இன்னும் மனசை விட்டுப் போகவில்லை.

ஏமாந்ததில் உங்கள் புத்திக்கு எந்தக் குறையும் இல்லை. எதிரில் இருந்தது ஒரு ஆள் இல்லை, தொழில். என்ன பேச வேண்டும் என்று எழுதிக்கொடுத்து, பயிற்சி கொடுத்து, நாளெல்லாம் இதையே செய்யும் கூட்டங்கள். கம்போடியா, மியான்மர் பக்கம் இதற்கென்றே வளாகங்கள் நடக்கின்றன, வேலை என்று நம்பிப் போன நம்மூர்ப் பிள்ளைகளையே அங்கே அடைத்துவைத்துப் பேச வைத்திருக்கிறார்கள், அரசு அவர்களை மீட்டுக் கூட்டிவந்திருக்கிறது. அப்படிப்பட்ட ஏற்பாட்டுக்கு எதிரில் தனியாக உட்கார்ந்திருந்த நீங்கள், இரண்டாவது ஓடிபியில் மனசு சரியில்லை என்று போனை வைத்தீர்களே, அதைச் செய்ய முடியாமல் போனவர்களைத்தான் நான் தினமும் பார்க்கிறேன்.

இன்றைக்கே மகனிடம் சொல்லுங்கள். எப்படி ஆரம்பிப்பது என்று தயக்கமாக இருந்தால் இந்தப் பதிலை அப்படியே அனுப்பிவிடுங்கள். தம்பி, இதை நீங்கள் படிக்கிறீர்கள் என்றால் உங்களுக்கும் ஒன்று. "ஏன்மா இப்படிச் செய்தீங்க" என்று ஒருமுறைகூடக் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் அடுத்த முறை சொல்ல மாட்டார்கள். லீவு போட்டுவிட்டு ஒருநாள் ஊருக்கு வாருங்கள். மேலே சொன்ன ரீசெட், பாஸ்வேர்டு, ஆதார் பூட்டு, டெபாசிட்டுக்கான கடிதம், எல்லாம் சேர்ந்து ஒரு பகல் வேலைதான். அப்புறம் உங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த ஒரு கேள்வியை முடிவு செய்துகொள்ளுங்கள், சின்ன வயதில் வளர்த்த நாயின் பெயர் மாதிரி, ஆனால் அது எங்கேயும் எழுதிப் போடாததாக இருக்கட்டும். இப்போது குரலையே போலியாகச் செய்து "அம்மா, ஆக்சிடென்ட் ஆகிவிட்டது, பணம் அனுப்பு" என்று கூப்பிடுகிறார்கள், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாதவன் உங்கள் குரலில் பேசினாலும் நீங்கள் இல்லை என்று அம்மாவுக்குத் தெரிய வேண்டும்.

கடைசியாக, இத்தனைக்கும் காரணமான அந்த லைஃப் சர்டிபிகேட். அதை இன்னும் கொடுத்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். மாலைக்குள் வராவிட்டால் பென்ஷன் நின்றுவிடும் என்று அவன் சொன்னது பொய். நவம்பர் முழுக்க நேரம் இருக்கிறது, தப்பித்தவறி அதையும் தாண்டிவிட்டால் சர்டிபிகேட் கொடுக்கும் வரை பென்ஷனை நிறுத்திவைப்பார்கள், கொடுத்ததும் நிலுவையோடு வந்துவிடும். பேங்க் கிளையில் நேரில் போய்க் கொடுக்கலாம். அலைய முடியாவிட்டால் உங்கள் பழைய ஆபீஸிலேயே சொல்லிவிடுங்கள், தபால்காரர் மிஷினோடு வீட்டுக்கே வந்து எடுத்துக்கொடுப்பார், கட்டணம் 70 ரூபாய். பயோமெட்ரிக் பூட்டு போட்டிருந்தால் அவர் வந்ததும் மகன் காட்டிக்கொடுத்தபடி நீங்களே பத்து நிமிஷத்துக்குத் திறந்துகொள்ளுங்கள். அந்தச் சமயம் வரும் ஓடிபியை வாய்விட்டுச் சொல்லாமல், தபால்காரர் கையில் இருக்கும் திரையை உங்கள் பக்கம் திருப்பச் சொல்லி, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்த்துவிட்டு நீங்களே போடுங்கள்.